கதவைத் திறந்த காரணம்

ஜனவரி 8

அன்பு மருமகளுக்கு,

இருபத்தெட்டாயிரம் முட்டைகளின் ஒரே சக்கரவர்த்தியும், நான்கு இன்குபேட்டர்களின் காவலரும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான உன் மாமன் எழுதுவது. நான் சுகம். அத்தை சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் உன்னால் முடியாது. அதோடு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்ட அறிக்கை தபாலில் வர வேண்டும் என்று நீயே கேட்டிருக்கிறாய்.

நீ அனுப்பிய பெட்டிகள் இரண்டும் வந்தன. பார்சலைப் பிரித்தபோது பொரிப்பகமே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது என்று எழுத ஆசை. வந்து நின்றது எங்கள் எலக்ட்ரீஷியன் மட்டும். அவருக்கு இங்கே ‘ஷாக்’ என்று பெயர்.

"இதென்ன சார், சோப்பு டப்பா?"

"சோப்பு டப்பாவா? என் அக்கா பொண்ணு செஞ்சது. உள்ள ஒரு சர்க்காரே நடக்குது."

"சர்க்காரா? அப்ப வேலை நடக்காதே."

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று அவருக்கு நானே விளக்கினேன். "ஒரு வீடு. ஏழு பேர். ஒரே குளியலறை. யார் முதல்ல போறது, யார் எவ்வளவு நேரம் உள்ள இருக்கலாம், அடிச்சுக்காம எல்லாரும் எட்டு மணிக்குள்ள கிளம்பறது எப்படின்னு ஒருத்தர் பார்த்துக்கணும்ல? அந்த ஒருத்தர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். எங்க வீட்டுல எங்க அக்கா." ஷாக் தலையாட்டினார். "எங்க வீட்டுல அது இல்ல சார். அதான் நான் லேட்."

நீ சொன்னபடியே சிவப்புப் பெட்டியை இரண்டாம் இன்குபேட்டரிலும், சாம்பல் பெட்டியை மூன்றாவதிலும் உள்சுவரில் மாட்டிவிட்டோம். நிறத்தைத் தவிர வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் வேறு என்கிறாய். இரண்டும் சூடு பார்க்கும், மணிக்கு ஒருதரம் முட்டைத் தட்டுகளைச் சாய்க்கும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் உனக்குச் செய்தி அனுப்பும். மே மாதம் நீ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உன் கம்பெனி அதை வைத்து நாற்பதாயிரம் பெட்டி செய்து ஊர் ஊராய் அனுப்பும். சரிதானே?

சிவப்பு நிறைய வித்தை தெரிந்தது என்றாய், அதனால் மகாராஜா. சாம்பலுக்கு ஒன்றும் தெரியாது, சொன்னதை மட்டும் செய்யும் என்றாய், அதனால் குமாஸ்தா. இனி உன் கம்பெனியும் அப்படியே அழைக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்


ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, அல்லது அதற்கும் கதை சொல்லிச் சமாளிக்கிறீர்களா?

கொஞ்சம் விளையாட்டில்லாமல் படியுங்கள். இந்த மாதிரிப் பெட்டி வேலை செய்யாமல் உறைந்து போனால் தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும் வசதி உண்டு. பரிசோதனைக்காக அதை நான் வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறேன். நின்றால் நின்றதாகவே தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஊசி நுழையும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் குத்தினால் பெட்டி முதலிலிருந்து எழும். நீங்கள் அதைத் தொடாதீர்கள். பெட்டி நின்றால் நேரத்தைக் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பழைய மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் மகாராஜா என்கிறீர்களே, அந்தச் சிஸ்டத்தை உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் நானூறு வரி நான் எழுதியது. ஏழு மாதம் துருவித் துருவிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் தலைவிக்கும் இது தெரியும். "உனக்குப் பிடிச்சதை எடுக்காதே, நிக்காம ஓடறதை எடு" என்று சொல்லிவிட்டார். தேர்வு சரியாக இருந்தால் நாற்பதாயிரம் பெட்டி வேலைக்கும் நான்தான் பொறுப்பு. தப்பாக இருந்தால் அதற்கும் நான்தான். ஒருமுறை அனுப்பிவிட்டால் பத்து வருடத்துக்கு மாற்ற முடியாது.

நானூறு வரி விஷயத்தை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 3

நானூறு வரிகளின் நாயகிக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னேன், அவள் யாரோ இல்லை. உன் அம்மாவிடம் சொன்னேன், பெற்றவளிடம் மறைத்தால் பாவம். ஷாக்கிடம் சொன்னேன். முட்டை வண்டி டிரைவரிடமும், பஸ் கண்டக்டரிடமும், என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரிடமும் சொன்னேன். அவரிடம் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது, அதனால் அது கணக்கில் வராது. டிரைவரிடம் சொல்லும்போது நானூறு நாலாயிரம் ஆகிவிட்டது. வண்டி ஓடும்போது அப்படித்தான், குலுங்கிப் பெருகிவிடும்.

முதல் அறிக்கையை இணைத்திருக்கிறேன். மகாராஜா நின்றது: பூஜ்யம். குமாஸ்தா நின்றது: பூஜ்யம்.

ஒரு சந்தேகம். பேச்சுக்குத்தான் கேட்கிறேன். ஒரு ராஜா தர்பாரில் லேசாகக் கண்ணயர்கிறார். பக்கத்தில் நின்ற விசுவாசி ஒருவன் தோளைத் தொடுகிறான். ராஜா உடனே நிமிர்ந்துவிடுகிறார். அதைத் தூக்கம் என்று சரித்திரத்தில் எழுத வேண்டுமா?

நாற்காலியை இரண்டாம் இன்குபேட்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

நீ நன்றாகத் தூங்கு. நான் விழித்திருக்கிறேன்.

மாமன்


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா தினமும் "என் பொண்ணு நாலாயிரம் வரி எழுதியிருக்கா" என்று யாரிடமாவது சொல்கிறாளாம். நன்றி.

அறிக்கை பார்த்தேன். பதினைந்து நாளில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தூங்கும் ராஜா கேள்வி புரியவில்லை. கதை ஏதாவது எழுதுகிறீர்களா? இன்குபேட்டர் அறையில் எங்கிருந்து காற்று வருகிறது?

உங்கள் மருமகள்


மார்ச் 5

என் தங்கமான மருமகளுக்கு,

தாமதத்துக்குக் காரணம் ராஜாங்க வேலை. இரண்டாம் அறிக்கையும் மூன்றாம் அறிக்கையும் ஒன்றாக வருகின்றன. மகாராஜா பூஜ்யம். குமாஸ்தா பூஜ்யம். மகாராஜாவின் பூஜ்யம் கொஞ்சம் கம்பீரமாக இருப்பதைக் கவனி.

குமாஸ்தாவைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. சாய்க்கச் சொன்ன நேரத்தில் சாய்க்கிறான், அனுப்பச் சொன்ன நேரத்தில் அனுப்புகிறான். அவனைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. வாரத்தில் நாலு நாள் அவன் இருப்பதையே மறந்துவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாடும் ராத்திரிப் படுக்கையும் இப்போது மகாராஜா பக்கத்தில்தான். அத்தை கோபமாக இருக்கிறாள். "அந்த டப்பாவோடவே குடும்பம் நடத்துங்க. என் ஹேர்பின்னையும் எடுத்துட்டுப் போயிட்டீங்க" என்கிறாள். ஹேர்பின் எதற்கு என்று நீ கேட்காதே, சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. அவளுடைய அண்ணன் மகன் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. ஒரு நாள் லீவு போட்டால் பொரிப்பகம் இடிந்து தரைமட்டமாகிவிடும் என்று முதலாளி கதறினார். அவரிடம் சொல்லிவிடாதே, தான் கதறியது அவருக்கே தெரியாது.

முட்டைகள் நலம். விளக்கில் பிடித்துப் பார்த்ததில் நூற்றுக்கு ஆறுதான் கூமுட்டை.

மாமன்


மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மூன்று அறிக்கைகளையும் தலைவியிடம் காட்டினேன். இரண்டு மூன்று தரம் புரட்டிப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கே. இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்குச் சந்தேகம் வரும். யார் பார்த்துக்கறது?"

"எங்க மாமா."

"நம்பலாமா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மாமா வாயைத் திறந்தா அளப்பார் மேடம். ஆனா எனக்குத் தப்பா எழுதிக் கொடுக்க மாட்டார்" என்றேன். அவர் அறிக்கைகளைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மே ஆறாம் தேதி எல்லார் முன்னாலும் நான் பேச வேண்டும். மகாராஜா என்றே முடிவு செய்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் பெட்டிகளை அனுப்பிவிடுங்கள், உள்ளே இருக்கும் விவரங்களை எடுக்க வேண்டும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 27

மருமகளுக்கு,

பெட்டிகளை அனுப்பிவிட்டேன். பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். ஷாக்தான் கட்டினார், நான் பக்கத்தில் நின்றேன்.

உன் தலைவி கெட்டிக்காரி போலிருக்கிறது.

உள்ளே என்னென்ன விவரம் இருக்கும் என்று நீ முன்னால் எழுதவில்லையே. சும்மாதான் கேட்டேன். முழங்கால் பரவாயில்லை.

மாமன்


ஏப்ரல் 11

அன்பு மருமகளுக்கு,

பெட்டிகள் வந்து சேர்ந்து பத்து நாளாவது ஆகியிருக்கும். பதில் இல்லை. தபால்காரரை வழிமறித்து விசாரித்தேன். என்னைப் பார்த்தாலே தெருவை மாற்றுகிறார். நேற்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம்.

உன் அம்மாவிடம் கேட்டால் "அவ வேலையா இருக்கா, பேசவே மாட்டேங்கறா" என்கிறாள். நீ சுகமா? அந்த ஒரு வார்த்தை போதும்.

மாமன்


ஏப்ரல் 15

மாமாவுக்கு,

சுகம்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. பெட்டி எத்தனை தரம் முதலிலிருந்து எழுந்தது என்று அது தானாகவே எண்ணிக்கொள்ளும். கேபிள் மாட்டினால்தான் தெரியும். மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தேன். குமாஸ்தா ஒன்று, நீங்கள் முதலில் மாட்டியபோது எழுந்தது. மகாராஜா முப்பத்தெட்டு. மாட்டியதைக் கழித்தால் முப்பத்தேழு.

நீங்கள் எழுதிய பூஜ்யத்தைக் காட்டித்தான் தலைவியிடம் பேசினேன். உங்களுக்காகவும் பேசினேன்.

ஏன் என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். தெரிவதால்தான் திட்டவும் முடியவில்லை. மே ஆறாம் தேதி என்ன சொல்வதென்று தெரியவில்லை. எப்போது நின்றது, எப்படி நின்றது என்று ஒன்றுமே இல்லாமல் முப்பத்தேழு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அத்தைக்கு அன்பு.


ஏப்ரல் 19

மருமகளே,

பிப்ரவரி முதல் தேதி, காலை பதினொரு மணி. மகாராஜாவின் விளக்கு சிமிட்டாமல் அப்படியே நின்றது. நேரத்தைக் குறித்துவிட்டு விடு என்று நீ எழுதியிருந்தாய். நான் பென்சிலைத்தான் எடுத்தேன். ஏழு மாதம் துருவி ஏற்றுக்கொண்ட உன் நானூறு வரி உள்ளே மூச்சில்லாமல் கிடக்கிறது என்று தோன்றியது. பென்சிலை வைத்துவிட்டு, கையில் கிடைத்த ஊசியால் ஓட்டையில் குத்திவிட்டேன். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது. நீ இருக்கும் இடத்தில் செய்திகள் தவறாமல் வந்தன. ஒரு தரம்தானே என்று பூஜ்யம் போட்டேன். அடுத்த தரம் பூஜ்யத்திலிருந்து இறங்க முடியவில்லை. முட்டைகளுக்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முட்டைகளுக்கு ஒன்றுமே இல்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், அதற்காகத்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்றாம் இன்குபேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஷாக் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்ப எப்ப நின்னுச்சுன்னு தெரியணுமாமே. அதுக்கு நான் எங்க போவேன்?"

"சார், டப்பா எங்க மாட்டியிருந்துச்சு?"

"உள்சுவத்துல."

"அப்ப குத்தணும்னா கதவைத் திறக்கணும்ல?"

"திறந்தேன்."

"திறந்தா?"

திறந்தால் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அது சட்டம். இன்குபேட்டர் கதவை யார் எதற்காகத் திறந்தாலும் கதவுப் பதிவேட்டில் மணி, நிமிடம், உள்ளே இருந்த சூடு, காரணம், நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளியே திறந்தாலும் எழுத வேண்டும். இருபத்தாறு வருடத்தில் எழுதாமல் நான் ஒரு கதவும் திறந்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூளை உனக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், கை என்னைக் கேட்காமலே உண்மையை எழுதி வைத்திருக்கிறது. முப்பத்தேழு வரி. காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "மகாராஜாவை எழுப்ப."

முப்பத்தேழையும் பார்த்து எழுதி இணைத்திருக்கிறேன். அத்தையை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை சரிபார்த்தேன். உன் தலைவி முன்னால் வந்து நிற்க வேண்டுமென்றாலும் வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

மாமா


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நேற்று பதினோரு மணி நேரம் தூங்கினேன்.

உங்கள் தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். முப்பத்தேழில் முப்பத்தொன்று மணி அடித்த முதல் நிமிடத்தில் நடந்திருக்கின்றன. தட்டுச் சாய்க்கும் வேலையும் செய்தி அனுப்பும் வேலையும் அந்த நிமிடத்தில்தான் ஒன்றாக வருகின்றன. உங்கள் குளியலறை பாஷையில் சொன்னால், செய்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. சாய்க்கிறவன் கதவைத் திறந்தால்தான் துண்டு என்று வெளியே நிற்கிறான். அவனிடம் இருக்கும் துண்டு கிடைக்காமல் உள்ளே இருப்பவனால் வெளியே வர முடியவில்லை. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள், வீடே நின்றுவிட்டது. அந்தத் தாழ்ப்பாளை வைத்தது யார் தெரியுமா? நான்தான். என் நானூறு வரியில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.

இரண்டு நாளில் சரிசெய்துவிட்டேன். மீதி ஆறு ஏன் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பூஜ்யம் என்று நான் முன்னால் சொன்னது தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு உங்கள் தாள்கள், பிறகு இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. தலைவி கேட்டார்.

"முப்பத்தொன்னை சரி பண்ணிட்டே. ஆறு?"

"தெரியல மேடம்."

"இன்னும் ஒரு மாசம் கொடுத்தா?"

"கண்டுபிடிப்பேன். ஆனா மகாராஜா வேண்டாம். குமாஸ்தாவை எடுக்கலாம்."

"உன் நானூறு வரி?"

"அது என்னோட ஆசை. இது நாப்பதாயிரம் டப்பா. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் நாற்காலி போட்டு உக்கார நாப்பதாயிரம் மாமா கிடையாது."

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. உங்கள் தாள்களை எடுத்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நிமிஷம் வரைக்கும் எழுதியிருக்கார். நம்ம ஆளுங்க ஒருத்தரும் இப்படி எழுதறதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வேலையை நீயே எடுத்துக்கோ. குமாஸ்தாவை வெச்சே ஆரம்பி" என்றார்.

திருத்திய வரிகளை மகாராஜாவை எழுதுகிறவர்களுக்கும் அனுப்பினேன். இந்தத் தடவை நாலே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். கோளாறை யார் கண்டறிந்தது என்று அடியில் ஒரு வரி போடுவது அங்கே வழக்கம். உங்கள் பெயரும் வேலையும் அதில் இருக்கின்றன. பட்டங்களைப் போட இடமில்லை.

கோபம் இன்னும் போகவில்லை மாமா. முழுக்கப் போக இரண்டு மாதம் ஆகும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மருமகள்


மே 14

நாற்பதாயிரம் பெட்டிகளின் தலைவிக்கு,

உலகம் முழுவதும் படிக்கும் ஒரு வரியில் நிரந்தரக் குடியேறியவனும், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆணி தேடிக்கொண்டிருப்பவனும், உன்னிடம் இரண்டு மாதக் கோபத்துக்குக் கடமைப்பட்டவனுமான உன் மாமன் எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். கல்யாணத்துக்குப் போகாத குற்றத்துக்கு அத்தை தனியாக ஒரு வழக்கு நடத்துகிறாள். ஹேர்பின்னைத் திருப்பிக் கொடுத்தும் விடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று பொரிப்பகத்தில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தேன். ஷாக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தார்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. மகாராஜா தோத்துட்டாரு. உங்க மருமக எழுதினதுலதான் கோளாறு. ஊர் பூரா நாலாயிரம் வரின்னு சொல்லிட்டிருந்தீங்க. இப்ப எதுக்கு இனிப்பு?"

"தோத்தார். யார் தோக்கடிச்சதுன்னு கேளு."

"யாரு?"

"அவளே. வேற யாராவது தோக்கடிச்சிருந்தா அவங்க வீட்டு வாசல்ல போய் உக்காந்து நியாயம் கேட்டிருப்பேன். தான் எழுதினது, தனக்குப் பிடிச்சது, இதுதான் ஜெயிக்கணும்னு அஞ்சு மாசம் சுத்தினது. அதைப் பத்துப் பேர் முன்னாடி, இதுல தப்பு இந்த வரியில இருக்கு, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு உக்காந்தா. நான் ஒரு பூஜ்யத்துல இருந்து இறங்க முடியாம ரெண்டு மாசம் ஹேர்பின்னோட உக்காந்திருந்த ஆளு. எனக்கு இல்லாதது அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. உங்க வீட்டுல அப்படி யாராவது இருந்தா சொல்லு, வந்து பாத்துட்டுப் போறேன்."

ஷாக் இனிப்பைச் சாப்பிட்டார். பிறகு எழுந்து போய் எனக்கு டீ வாங்கி வந்தார். என்னைச் சந்தித்த இந்தப் பதினோரு வருடத்தில் அவர் தன் கையால் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை, இதில் மிகை கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு. மீதிக் கோபத்தை ஒரேயடியாக வேண்டாம், கடிதத்துக்குக் கொஞ்சமாக அனுப்பு. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறேன்.

மாமன்